படத்தைச் சொல்லு

"'யாரது?' 'நான்தான்.' 'காலைத் துடைச்சுட்டு உள்ள வா.' அவ்வளவுதான். அடுத்த பக்கம்" என்று விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினாள் அவள்.

கட்டிலில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் போர்வையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. லிஃப்ட் கம்பிகளோடும் கிரீஸோடும் காலம் தள்ளிய மெக்கானிக்கின் கை. வேலையை விட்டு இத்தனை நாளாகியும் நகக்கண்ணின் கறுப்பு போகவில்லை.

"புரட்டாத" என்றார்.

"ஏன்?"

"படத்தைச் சொல்லு."

"படத்துல என்ன இருக்கு? கொம்பு வச்ச தொப்பி போட்டுக்கிட்டு நாலு தடியனுங்க. பேசினதைத்தான் படிச்சுட்டேனே."

"பேச்சுல இல்ல. படத்துலதான் இருக்கு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வெளியே போய்விட்டு யோசித்து யோசித்துத் திரும்பி வந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனோடு இதே ரோதனைதான். ஊரில் ஆம்பளைகள் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள், அரசியல் பேசித் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். இவருக்கு வாய்த்தது வைக்கிங் படக்கதை. எந்தக் காலத்திலோ ஏதோ குளிர்தேசத்தில் கப்பலேறிக் கொள்ளையடித்தவர்களாம். அவர்களை வைத்து எவனோ சிரிப்புப் படம் போட்டிருக்கிறான். அதை ஒரு பொறுப்பான குடும்பஸ்தன் சட்டைப்பைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ சட்டப் புத்தகம் மாதிரி, ஒரு கட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று வைத்து வைத்துப் பார்ப்பார். சத்தமே வராது. வயிறு மட்டும் குலுங்கும்.

இப்போது கண்ணாடி மேஜைமேல் இருந்தது. அதை மாட்டினாலும் பிரயோஜனமில்லை என்று ஆகிப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்.

வேறு நாளாக இருந்தால் புத்தகத்தை வீசிவிட்டு எழுந்து போயிருப்பாள். இன்றைக்கு முடியாது. காலையில் வந்த நர்ஸம்மா கையைப் பிடித்து, கால் பாதத்தைத் தொட்டு, போர்வையை ஒழுங்காக இழுத்துவிட்டு, இவளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்த்தான் பேசினாள்.

"இன்னிக்கு தாண்டுறது கஷ்டம்மா. ஊசி போட்டிருக்கேன், வலி தெரியாது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாரா?"

"அது நம்ம கையில இல்லம்மா. பேசிக்கிட்டே இருங்க. காது கடைசிவரைக்கும் கேக்கும். பேச்சுக் குரல் கேட்டா சிலபேர் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுத்த மாதிரி அதை அவள் பிடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ரயில் வருகிறவரை.

ரயிலில் மகள் வந்துகொண்டிருந்தாள். ஒரே மகள். ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்தால்தான் வந்து சேரக்கூடிய ஊரில் அவளுக்கு வேலை. பல காலம் அலைந்து கிடைத்த வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "அவளுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது. லீவு கேட்டான்னா தூக்கி எறிஞ்சுடுவாங்க. நான் எங்க ஓடியா போறேன்? லீவு கிடைக்கிறப்ப வரட்டும்" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். இவளும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். இன்று விடியற்காலையில் அவர் மூச்சு விட்ட விதத்தைப் பார்த்தபிறகு இருக்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மகளுக்குப் போன் செய்தாள். "கிளம்பி வாடி" என்று மட்டும் சொன்னாள். மகளும் ஏனென்று கேட்கவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. கோபப்படுவார் என்பதல்ல. கோபப்படட்டுமே, அதற்காவது தெம்பு வரட்டும். மகள் வருகிறாள் என்றால் எதற்கு வருகிறாள் என்று கேட்காமலே அவருக்கு விளங்கிவிடும். நீங்கள் போகப்போகிறீர்கள் என்று கட்டிய மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? ஆக, காத்திருங்கள் என்று சொல்லாமல் அவரைக் காத்திருக்க வைக்க வேண்டும். அதற்கு அவள் கையில் இருந்தது இந்த ஒரு புத்தகம். மற்ற எல்லாவற்றையும் மகள் வேலைக்குப் போகும்போது பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். கதவுப் புத்தகம் என்று இருவரும் சொல்லும் இதற்கு மட்டும் அப்பனும் மகளும் வாசலில் நின்று வெட்கமில்லாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் மகள் விட்டுக்கொடுத்தாள்.

"சரி, சொல்றேன்" என்று பக்கத்தைத் திருப்பிவைத்தாள். சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் மேஜைக்குப் பொறுப்பாக இருப்பவள் அவள். துணியில் ஒரு நூல் பிசகினாலும் தூரத்திலிருந்தே தெரியும் கண். அதைப் புத்தகத்தில் வைத்தாள். "கடல். கடல் நடுவுல ஒரு கதவு மிதக்குது. மரக்கதவு. பிடியெல்லாம் இருக்கு."

"ம்."

"அதுக்கு மேல தலைவன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். கதவு எங்கேருந்து வந்துச்சு?"

"கோட்டையிலேருந்து."

கோட்டைக்குள் புகுந்து கொள்ளையடிக்கத்தான் அந்தக் கூட்டம் போனது. கதவை உடைக்கப் பத்துப் பக்கம். கடைசியில் கழன்று வந்த கதவு பார்க்க அழகாக இருக்கிறதென்று அதைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் சந்தோஷமாகக் கப்பலேறிவிட்டார்கள். தங்கம் உள்ளேயே இருந்தது. ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை. கப்பலில் ஏற்கெனவே ஓட்டை. முழுகிவிட்டது. இதையெல்லாம் கொஞ்சநேரம் முன்னால் இவளே அட்டெண்டன்ஸ் எடுக்கும் குரலில் வாசித்திருந்தாள்.

"இன்னொருத்தன் தண்ணியில தத்தளிக்கிறான். மூக்கு வரைக்கும் தண்ணி. தொப்பிக் கொம்பு மட்டும் வெளிய தெரியுது. அவன் கையை நீட்டி..." அவள் நிறுத்தினாள். படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அட பாவி. கதவைத் தட்டுறான்."

போர்வைக்கு அடியில் வயிறு அசைந்தது.

"முழுகப் போறவன் கதவைத் தட்டிட்டு நிக்கிறான். இவன் மேல உக்காந்துக்கிட்டு 'யாரது?'ன்னு கேக்குறான். எதிர்லதான் இருக்கான், மூஞ்சிக்கு நேரா! 'காலைத் துடைச்சுட்டு உள்ள வா'ங்கறான். கால்மிதிக்குப் பதிலா ஒரு மீன் கெடக்கு. அது வேற முறைக்குது."

வயிறு நன்றாகவே குலுங்கியது. சத்தமில்லாத அந்தப் பழைய சிரிப்பு. பிறகு அது இருமலாக மாறி, முகம் கன்றி, அவள் பதறிப்போய்த் தோளைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரை ஸ்பூனில் ஊட்டினாள். பாதி வெளியே வழிந்தது. துடைத்தாள். அவர் மெல்ல அடங்கினார்.

"சிரிப்பு வருதா உனக்கு?" என்று கேட்டார்.

"ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல்."

ஆனால் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு அது விளங்கியிருந்தது. விளங்கிய நேரத்தைப் பார் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கதவருகே நிழல் விழுந்தது. கொழுந்தன் நின்றார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். காலையிலிருந்து முன்னறையில் போனும் கையுமாக இருக்கிறார். யாருக்கு எப்போது சொல்வது, வண்டி எத்தனை மணிக்கு, நாற்காலி எத்தனை வேண்டும் என்று தாழ்ந்த குரலில் அவர் பேசுவதெல்லாம் இவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நாற்காலி எண்ணுகிறார். நல்ல மனுஷர்தான், அண்ணன்மேல் உயிர். ஏற்பாடு செய்யாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"அண்ணி, இந்த நேரத்துல பொம்மைப் புத்தகமா? ஏதாவது நல்ல விஷயமா நாலு வார்த்தை காதுல விழக்கூடாதா? நான் ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கேன்..."

"உங்க அண்ணன் வாழ்க்கையில நல்ல விஷயத்தை உக்காந்து கேட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல, இருந்தாலும் பாக்குறவங்க..."

"பாக்குறவங்க யாரு இங்க இருக்கா? போங்க, போய் நாற்காலியை எண்ணுங்க."

சொன்னபிறகு சுருக்கென்றது. கொழுந்தன் அண்ணனின் காலைப் போர்வைக்கு மேலாகவே ஒருதடவை தொட்டுவிட்டுப் போனார். அவர் கண் சிவந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்லப் பழகிவிட்டது. யார் எங்கே நிற்கிறான், யார் கால் யார்மேல் இருக்கிறது, யார் முழி பிதுங்குகிறது. தனக்குத் தெரிந்ததையும் சேர்த்துக்கொண்டாள். "இவன் தோல் சட்டையை எவன் தைச்சானோ, தையல் முழுக்க வெளிய இருக்கு. எங்க மேஜைக்கு வந்தா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்." அதற்கும் வயிறு அசைந்தது. "தலையில கொம்போட எப்படித்தான் தூங்குவானுங்களோ" என்றாள்.

"நிஜத்துல கொம்பே கிடையாதாம்" என்றார் அவர். "படம் போடறவன் வச்சது."

"பின்ன எதுக்கு வச்சான்?"

"கொம்பு இல்லாட்டி... வெறும் கொலைகாரனுங்க."

அவர் இவ்வளவு பேசி வாரக்கணக்கு ஆகிவிட்டது. பேச்சு பிடித்து நிறுத்தும் என்று நர்ஸம்மா சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது. அவள் இன்னும் உற்சாகமாக அடுத்த கட்டத்துக்குப் போனாள். கூட்டம் வழியில் பிடித்த வேறொரு கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து ஒருவன் தலைகுப்புற விழுகிறான். கீழே பலகையில் அவன் உருவத்துக்கு ஓர் ஓட்டை, கொம்பு உட்பட. அடுத்த கட்டத்தில் தலையில் கட்டோடு உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பக்கத்தில் ஒரு கிரீஸ் கறை இருந்தது. கட்டைவிரல் கறை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது.

கருவிப்பைக்குள் எப்போதும் ஒரு படக்கதை வைத்திருப்பார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, மேலே மோட்டார் அறையிலிருந்து குரல் வருகிறவரைக்கும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைப் பார்ப்பாராம். ஒருநாள் உடன் வேலை பார்த்தவர் தவறிக் குழிக்குள் விழுந்துவிட்டார். ஒன்பது மாடி. இவர்தான் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் வெகுநேரம் குளித்தார். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இதே புத்தகத்தைப் பிரித்தார். வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. இவள் கொதித்துப்போய், "ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான், உங்களுக்குச் சிரிப்பு வருதா?" என்று கத்தினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "இதுல விழுந்தா எந்திரிச்சுடறாங்கடி" என்றார்.

இன்றைக்கு அந்தக் கறைமேல் விரலை வைத்துக்கொண்டாள். "விழுந்துட்டான். அடுத்த படத்துல எந்திரிச்சு உக்காந்து கோழி தின்றான்" என்று மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

"ம்" என்றார் அவர்.

மதியத்துக்குப் பிறகு மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. புத்தகமும் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் கூட்டம் கதவோடு கரை சேர்கிறது. தலைவனின் பெண்டாட்டி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "இருந்து இருந்து கதவையா கொண்டுவந்தீங்க? வீட்டுக்குச் சுவர் எங்கே?" சுபம். அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"ஒரு பெரிய கப்பல். அதுல..."

"அதான் முடிஞ்சுதே" என்றார். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. கண் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அடுத்து எதைப் பேசுவது? காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்தும் பேசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கேஸ் தீர்ந்ததையும் குழாய் ஒழுகியதையும்தான் பேசியிருக்கிறார்கள். அந்நேரம் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. மகள் இரண்டு வார்த்தை அனுப்பியிருந்தாள். 'பாலம் தாண்டியாச்சு.'

அவள் போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை மறுபடி விரித்தாள். எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"இது வேற கதை" என்றாள். "ஒரு சின்னப் படகு. பெரிய கப்பல் இல்ல. ஒருத்தர்தான் உக்காரலாம். அதுல ஒரு பொண்ணு வர்றா."

போர்வை ஏறி இறங்கியது.

"அந்தப் புத்தகத்துல... சின்னப் பொண்ணே கிடையாதே."

"இதுல இருக்கா."

"தொப்பி போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா. ஒரு பக்கக் கொம்பு ஒடிஞ்சு தொங்குது. ஒழுங்கா ஒரு சாமானை வச்சுக்கத் தெரிஞ்சாத்தானே அவளுக்கு."

அவர் உதட்டோரம் அசைந்தது. கண்ணைத் திறந்தார். பார்வை அவள் முகத்துக்கு வந்து சேராமல் பக்கத்திலேயே எங்கோ நின்றது. ஆனாலும் அவள் சட்டென்று புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எங்க வந்திருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பெரிய பாறை இருக்கு. அதைத் தாண்டிட்டா."

"அலை?"

"அலையெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா வர்றா."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு பொய்யும் தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். அந்தப் பெண் படகில் ஏறும்போது சாப்பிட மறந்துவிட்டாள். வழியில் ஒரு தீவில் கொள்ளையடிக்க இறங்கினாள். 'நேத்துதான் கொள்ளை போச்சு, அடுத்த வாரம் வாங்க' என்று பலகை தொங்கியது. பாவமாக இருக்கிறதென்று தீவுக்காரர்களே ஒரு ரொட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு போய், வராமல், அவள் இருக்கை நுனிக்கு வந்தபிறகு வந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. 'சிக்னல்ல நிக்குது அம்மா. ரொம்ப நேரமா. அப்பா எப்படி இருக்கார்?'

அவளுக்கு அந்த ரயிலை இறங்கித் தள்ள வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "காத்து நின்னுடுச்சு" என்றாள். "படகு அப்படியே நிக்குது."

"துடுப்பு இல்லையா?"

"ஒண்ணுதான் இருக்கு."

"ஒத்தைத் துடுப்புன்னா..." வெகுநேரம் கழித்துச் சொன்னார், "சுத்திச் சுத்தில்ல வரும்."

"ஆமா. அவளும் சுத்திக்கிட்டு இருக்கா. கிறுக்கச்சி. ஆனா வந்துடுவா. இதோ காத்து கிளம்புது பாருங்க. பாய் உப்புது. கொஞ்சம் இருங்க, வந்துடுவா." தன் குரல் கெஞ்சுவதை அவளே கேட்டாள். "கொஞ்சம்தான். கொஞ்சம் இருங்க."

அவர் கை போர்வைமேல் ஊர்ந்து வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

"அவசரப்பட வேணாம்னு சொல்லு."

"யார்கிட்ட?"

"அவகிட்டதான்."

"புத்தகத்துல இருக்கிறவகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"போன்ல சொல்லு."

அவள் புத்தகத்தை இறக்கினாள்.

"குழாயைத் திறந்துவிட்டா... எனக்குக் கேக்காதா? மோட்டார் ஓடறப்பவே... ஒன்பதாவது மாடியில பேசறதைக் கேட்டவன்."

காலையிலிருந்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கதவுக்கும் மீனுக்கும் வயிறு குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் மறைத்தது அவருக்காக. அவர் மறைத்தது இவளுக்காக. நல்ல ஜோடி என்று நினைத்தாள். அழுவதற்கு நேரமில்லை, பேச வேண்டியிருந்தது.

"திட்டுங்களேன்" என்றாள்.

"ரயில் நிக்கறதுக்குள்ள குதிப்பா. மாடிப்படியில ஓடுவா. சின்னதுலேருந்தே... அப்படித்தான். ஓட வேணாம்னு சொல்லு." மூச்சுக்குக் காத்திருந்தார். "நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. வந்தப்புறம் நேர்லயே சொல்லுங்க."

"அடுத்த படம்" என்றார்.

அவள் விரித்த பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கித் தெரிந்தது. "அடுத்த படத்துல கரை தெரியுது" என்று ஆரம்பித்தாள். "கரையில ஒரு வீடு. சின்ன வீடுதான். கூரையில புகை வருது. வாசல்ல ஒருத்தர் உக்காந்திருக்கார், அவருக்கும் கொம்புத் தொப்பி. தொப்பை வேற. தோல் சட்டையில மூணாவது பொத்தான் இல்ல. எத்தனை தடவை சொன்னாலும் கழட்டிக் கொடுத்தாத்தானே தைக்க முடியும்? படகு அங்கேருந்து கையை ஆட்டுது. படகு இல்ல, படகுல இருக்கிறவ. இவரும் எந்திரிச்சு..."

போர்வையின் மடிப்பு அவள் கண்ணில் பட்டது. துணியின் அசைவு அவளுக்குத் தெரியாதா? நெஞ்சுக்கு நேராகக் குறுக்கே ஓடிய அந்த ஒரு மடிப்பு விழுந்தபடியே இருந்தது. எழவில்லை. அவள் இருக்கை நுனிக்கு வந்து காத்திருந்தாள். முன்பு காத்திருந்ததைவிட அதிகமாகவே காத்திருந்தாள்.

"இவரும் எந்திரிச்சுக் கையை ஆட்டுறார்" என்று சொல்லி முடித்தாள்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு நேரம் இருந்தவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்க என்ன வந்தது? எல்லாவற்றிலும் இழுத்தடிக்கிற மனுஷன், சாப்பிடக் கூப்பிட்டால் நாலு தடவை கூப்பிட வேண்டும், இதில் மட்டும் என்ன அவசரம்? அவள் அவருடைய வாயை மூடிவிட்டாள். உதட்டோரம் உலர்ந்திருந்த தண்ணீரைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். போர்வையை இழுத்து மடிப்பில்லாமல் தடவிவிட்டாள். பிறகு முன்னறையைப் பார்த்து, "தம்பி, வாங்க" என்றாள். கொழுந்தனை அவள் அப்படிக் கூப்பிட்டது கல்யாணமான புதிதில்தான்.

ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை மட்டும் கீழே வைக்கவில்லை. சற்றுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாப்பாவுக்கு நான் சொல்லிடறேன் அண்ணி. உங்களால முடியாது" என்றார்.

"வேணாம்."

"சொல்லாம எப்படி? நேரா வந்து பாத்தா அதிர்ச்சியாயிடும்."

"ரயில்ல தனியா இருக்கா. யார் தோள்ல சாயறது?"

"அப்ப என்ன சொல்றது?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. இருக்கிறார் என்று சொன்னால், நம்பிக்கொண்டு ஓடி வருவாள். அந்த ஓட்டத்தின் முடிவில் இந்தக் கட்டில் இருக்கும். இல்லை என்று சொன்னால், மிச்சத் தூரம் முழுக்க ஜன்னலோரத்தில் அந்நிய மனிதர்கள் நடுவே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டில் எதைப் பெற்ற மகளுக்குக் கொடுப்பது? நர்ஸம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் வந்து பார்த்து, தலையை அசைத்து, இவள் தோளில் கைவைத்துவிட்டு வேலையைக் கவனித்தாள். பக்கத்து வீடுகளில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இவள் நாற்காலியை விட்டு எழவேயில்லை.

வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பியின் நிழல் போர்வைமேல் ஏறியபோது போன் அடித்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கொழுந்தன் கையை நீட்டினார். அவள் தானே எடுத்தாள்.

"அம்மா, ஸ்டேஷனுக்கு வெளிய வந்துட்டேன், டாக்ஸி பிடிச்சுட்டேன். டிரைவரை வேகமாப் போகச் சொல்லியிருக்கேன். சிக்னல்ல போட்டுட்டான்மா, இல்லாட்டி எப்பவோ வந்திருப்பேன்." மூச்சு வாங்கியது. ஓடித்தான் வந்திருக்கிறாள். "படியில விழுந்துட்டேன், ஒண்ணுமில்ல, முட்டிதான். அப்பா முழிச்சிட்டு இருக்காரா? நான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"இல்ல. சிரிச்சார்."

"காதுகிட்ட போனை வையேன், நான் பேசறேன். வந்துட்டேன்னு ஒரு வார்த்தை."

அவள் கட்டிலைப் பார்த்தாள். மடிப்பில்லாத போர்வை. குரல் நடுங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

"அவசரம் வேணாம்மா" என்றாள். "மெதுவா வா."

மறுமுனையில் வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஏதோ ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"அப்பாதான் சொன்னார். ஓட வேணாமாம். அவர் சொன்னார்னு சொல்லச் சொன்னார்."

இரண்டு பக்கமும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து மகளின் குரல் கேட்டது. இவளிடம் இல்லை, கொஞ்சம் தள்ளி, முன் இருக்கையைப் பார்த்து.

"அண்ணா, மெதுவாவே போங்க."

வண்டி வேகம் குறைவது இவள் காதுக்குக் கேட்டது.